கை தூக்கியது எதற்கு?

நீங்கள் எப்போதாவது ஒரு கூட்டத்தில் கை தூக்கியிருக்கிறீர்களா?

பெரிய கூட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு அசோசியேஷன், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் திருப்பணிக் கமிட்டி, ஆபீஸ் யூனியன், கூட்டுறவு சொசைட்டி... எதுவாகவும் இருக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். ஓரத்தில் ஒரு ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். ஒருவர் எழுந்து தீர்மானத்தைப் படிப்பார். "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்பார். நீங்களும் தூக்குவீர்கள். பிறகு ஒரு சமோசா, ஒரு பேப்பர் கப் காபி. வீட்டுக்கு வந்து டி.வி. போட்டுவிடுவீர்கள்.

அன்றைக்கு நீங்கள் எதற்குக் கை தூக்கினீர்கள்?

"அதான், அந்தத் தீர்மானத்துக்கு" என்பீர்கள். எந்தத் தீர்மானம்? கூட்டத்தில் படித்ததா? மறுநாள் ராத்திரி செகரட்டரி வீட்டு டைனிங் டேபிளில் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதப்பட்டதா? இரண்டும் ஒன்றுதான் என்ற நம்பிக்கையில்தானே நாம் நாற்காலியை விட்டு எழுந்து வருகிறோம்! அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். பேசுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இருக்கிறது. அந்த டைனிங் டேபிளில் உட்கார்ந்து வார்த்தையை மாற்றியவன் நான்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் குடியிருப்பின் செகரட்டரி பதவி என் தலையில் விழுந்தது. (யார் மீட்டிங்குக்கு வரவில்லையோ அவரைச் செகரட்டரி ஆக்குவது எங்கள் மரபு.) மொத்தம் 24 வீடுகள். தரைத்தளம், மேலே மூன்று மாடி, தளத்துக்கு ஆறு வீடு. லிஃப்ட்டுக்கு வயதாகிவிட்டது. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்று யோசிக்கிற பழக்கம் அதற்கு வந்துவிட்டது. புதிதாக மாற்ற 12 லட்சம் ஆகும் என்றார்கள். சமமாக வகுத்தால் வீட்டுக்கு 50,000 ரூபாய்.

ஜெனரல் பாடி கூட்டினோம். தரைத்தளத்துக்காரர்கள் எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்கள். "நாங்க லிஃப்ட்டே ஏறுறதில்லை. நாங்க எதுக்குக் கொடுக்கணும்?" மாடிக்காரர்களும் எல்லா ஊரிலும் சொல்கிற பதிலைச் சொன்னார்கள். "மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வர்றீங்களே, பறந்தா வர்றீங்க?" ஒன்றரை மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் மூன்றாவது மாடி அம்மா ஒருவர் ஒரு வழி சொன்னார். அதை நான் ஒரு தாளில் எழுதி உரக்கப் படித்தேன். 'லிஃப்ட்டைப் புதிதாக மாற்றுவது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் தங்களால் இயன்ற தொகையைத் தருவது. மீதியை மற்ற வீடுகள் சமமாகப் பகிர்ந்துகொள்வது.'

கைகள் உயர்ந்தன. தரைத்தளத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் ரீடராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் கை தூக்கினார். என் கண்ணாலேயே பார்த்தேன்.

மறுநாள் ராத்திரி மினிட்ஸ் எழுத உட்கார்ந்தேன். 'இயன்ற தொகை' என்பது கண்ணை உறுத்தியது. கும்பாபிஷேக நோட்டீஸ் மாதிரி இருந்தது. தீர்மானம் என்றால் கொஞ்சம் கம்பீரமாக இருக்க வேண்டாமா? 'தங்களுக்கு உரிய தொகையை' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், யாரையும் ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. தமிழைச் சரிபண்ணுகிறோம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் படிக்கப்பட்டது. அதாவது நான் படித்தேன், யாரும் கேட்கவில்லை. பார்க்கிங் தகராறு வரிசையில் காத்துக்கொண்டிருந்தது. 'ஏற்கப்பட்டது' என்று தலைவர் கையெழுத்துப் போட்டார்.

லிஃப்ட் கம்பெனிக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய சமயத்தில் ட்ரெஷரர் மாறினார். புதியவர் கணக்கில் கறார். மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். உரிய தொகை என்றால் என்ன? 12 லட்சத்தை 24-ஆல் வகுத்தால் வருவது! தரைத்தளத்து ஆறு வீடுகளுக்கும் 50,000 ரூபாய் கட்டச் சொல்லி நோட்டீஸ் போனது.

அன்று சாயங்காலம் பெரியவர் என் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி. படியேறித்தான் வந்தார், லிஃப்ட் அன்றைக்கும் மக்கர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மினிட்ஸ் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலை வரிவரியாக நகர்த்திப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"தம்பி, நான் கை தூக்கினது வாஸ்தவம். ஆனா இந்த வாக்கியத்துக்கு இல்ல" என்றார்.

"அர்த்தம் ஒண்ணுதானே சார்..." என்று இழுத்தேன்.

"அர்த்தம் ஒண்ணுன்னா நோட்டீஸ் ஏன் வந்தது?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கோபப்படவும் இல்லை. "முப்பது வருஷம் அடுத்தவங்க எழுத்தைத் திருத்தியிருக்கேன் தம்பி. பெரிய 'ள' வர வேண்டிய இடத்துல சின்ன 'ல' இருந்தா யாரையும் கேக்காம மாத்திடுவேன். ஆனா ஒரு வார்த்தையே தப்பாப் படுதுன்னா மாத்த மாட்டேன். ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டு எழுதினவருக்கே அனுப்பிடுவேன். அது அவர் வார்த்தை இல்லையா?"

நான் போடத் தவறியது அந்த ஒரு கேள்விக்குறியைத்தான்.

அதற்குப் பிறகு பல நாள் இதை யோசித்தேன். கூட்டம் முடிந்தபின் தீர்மானத்தின் வார்த்தையை மாற்றுகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. பணத்தை அமுக்குவதற்காகவே மாற்றுகிறவர்களை விடுங்கள், அது வெறும் திருட்டு. நான் சொல்வது நல்லவர்களைப் பற்றி. அவர்களுக்கென்று சில சமாதானங்கள் இருக்கின்றன. எனக்கும் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சமாதானம், "அர்த்தத்தைத் தொடலை, மொழியைத்தான் சரிபண்ணினேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எழுத்துப் பிழையைத் திருத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அர்த்தம் மாறவில்லை என்று தீர்ப்பு சொல்வது யார்? மாற்றியவரே சொல்லிக்கொள்ள முடியுமா? தமிழில் 'லாம்' என்று முடிப்பதற்கும் 'வேண்டும்' என்று முடிப்பதற்கும் எவ்வளவு தூரம்! 'தலைவர் உறுப்பினர்களைக் கலந்தாலோசித்துச் செலவு செய்யலாம்' என்பதை 'ஒப்புதல் பெற்றுச் செலவு செய்யலாம்' என்று மாற்றிப் பாருங்கள். ஒன்றில் அவர் காதில் வாங்கிக்கொண்டால் போதும். இன்னொன்றில் நீங்கள் தலையாட்டாமல் ஒரு பைசா எடுக்க முடியாது.

உலக அளவிலும் இதே கதைதான். 1967 நவம்பர் 22-ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபை 242-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த வருடப் போரில் பிடித்த நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்று அதில் ஒரு வரி. ஆங்கிலத்தில் 'நிலப்பகுதிகள்' என்பதற்கு முன்னால் 'தி' என்ற சின்னச் சொல் இல்லை. பிரெஞ்சு வாசகத்தை 'அந்த நிலப்பகுதிகள்' என்றும் படிக்க முடியும். எல்லா நிலத்திலிருந்துமா, சில நிலத்திலிருந்து மட்டுமா என்று பல பத்தாண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த வாசகத்தை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றவில்லை. பகலில், எல்லோரும் பார்க்க, பேரம் பேசி எழுதியதே இந்தப் பாடு படுத்துகிறது.

எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். நீங்களும் வைத்துக்கொள்ளலாம். வார்த்தையை மாற்றும்போது, அந்த மாற்றத்தால் யார் அதிகம் பாதிக்கப்படக்கூடும் என்று யோசியுங்கள். அவருக்கு ஒரு போன் போட்டு, "இப்படி எழுதட்டுமா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? தோன்றினால் சரி. 'எதுக்கு இப்ப அவரைக் கேட்டுக்கிட்டு' என்று கை தயங்கினால், அர்த்தம் மாறியிருக்கிறது என்பது உங்கள் கைக்கே தெரிந்துவிட்டது.

இரண்டாவது சமாதானம், "எல்லாரும் மனசுல நினைச்சது இதுதான். சரியாச் சொல்ல வரலை, நான் தெளிவுபடுத்தினேன்." இது கொஞ்சம் ஆபத்தான சமாதானம். கூட்டத்தில் இருபது பேர் இருந்தால் இருபது மனசு. அந்த இருபதும் ஒரே வாக்கியத்துக்குள் உட்கார வேண்டுமென்றால், வாக்கியம் சற்றுத் தளர்வாகத்தான் இருக்கும். 'இயன்ற தொகை' என்பதில் தெளிவு இல்லைதான். ஆனால் அந்தத் தெளிவின்மையில்தான் அன்றைய சமாதானமே இருந்தது. மாடிக்காரர்கள், 'ஏதோ கொடுப்பாங்க' என்று கை தூக்கினார்கள். தரைத்தளத்துக்காரர்கள், 'கட்டாயம் இல்லை' என்று கை தூக்கினார்கள். அந்த வார்த்தை இல்லாவிட்டால் தீர்மானமே இல்லை. நான் அதைத் தெளிவாக்கினேன். சமாதானம் போய்விட்டது.

ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். ஆளுக்கொரு கை வடத்தைப் பிடிக்கிறோம். தேர் ஒரு வீதியில் வந்து நிற்கிறது. எல்லோரும் சாப்பிடப் போனபிறகு ஒருத்தர் வந்து, 'இந்த வீதியைவிட அடுத்த வீதிதான் சாமிக்கு வசதி' என்று நகர்த்தி நிறுத்தினால்? அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். வடம் பிடித்த கைகளுக்கு என்ன மரியாதை?

மூன்றாவது சமாதானம்தான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது. "கூட்டம் எடுத்த முடிவு தப்பு. நான் மாத்தினதுதான் நியாயம்." இப்படி ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். 'வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்ட்டில் ஏறக் கூடாது' என்று ஒரு குடியிருப்பு தீர்மானம் போடுகிறது. இப்படிப்பட்ட விதிகள் நம் நகரங்களில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. செகரட்டரி மனசாட்சி உள்ளவர். மினிட்ஸ் எழுதும்போது அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார். யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது மாடிக்கு மாவு அரைக்க வருகிற அம்மா லிஃப்ட்டிலேயே போய் வருகிறார். செகரட்டரி செய்தது சரியா, தப்பா?

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினவர்கள் தாங்கள் செய்த காரியத்தை ஒருநாளும் எதிர்கொள்ளவே இல்லை. வாதம் நடக்கவில்லை. யாருக்கும் வெட்கம் வரவில்லை. அடுத்த செகரட்டரி வந்ததும் அதே தீர்மானம் திரும்ப வரும், அவர் ஒழுங்காக எழுதியும் விடுவார். அதற்கும் மேலே ஒன்று. இன்றைக்கு நல்லதுக்காக வரியை விட்ட அதே பேனாவால் நாளைக்கு வேறு எதையும் விட முடியும். அன்றைக்கு அதைப் பிடித்திருப்பவர் நல்லவர்தான் என்று யார் உத்தரவாதம் தருவார்?

அவர் வேறு என்ன செய்திருக்கலாம்? கூட்டத்திலேயே எழுந்து, "இதை நான் எழுத மாட்டேன். வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க. நான் எதிர்த்தேன்னும் சேத்து எழுதச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கலாம். கஷ்டம்தான். நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சத்தமில்லாமல் வரியை விடுவது அதைவிடச் சுலபம். நல்ல காரியத்தைச் சுலபமான வழியில் செய்தால், கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

சரி, எழுதுகிறவர் மேல் மட்டும்தான் தப்பா? எங்கள் ட்ரெஷரர் ஒரு கேள்வி கேட்டார். "சார், நீங்க அடுத்த மீட்டிங்ல படிச்சீங்க. எல்லாரும் உக்காந்திருந்தாங்க. அந்தப் பெரியவரும்தான் இருந்தார். யாரும் ஆட்சேபிக்கலை. தலைவர் கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப வந்து மாத்திட்டீங்கன்னா எப்படி?"

இதே கேள்வி ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஜேம்ஸ் ஹார்டி என்ற கம்பெனி அங்கே பல காலம் ஆஸ்பெஸ்டாஸ் சாமான்கள் தயாரித்தது. அந்தத் தூசியால் நுரையீரல் நோய் வந்தவர்களுக்கு நஷ்டஈடு தர ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தியது. 2001 பிப்ரவரி 15-ஆம் தேதி இயக்குநர் குழு கூடியது. நஷ்டஈட்டுக்குத் தேவையான பணம் அறக்கட்டளையில் முழுமையாக இருக்கிறது என்று மறுநாள் பங்குச் சந்தைக்கு அறிவிப்பு போனது. உண்மையில் பணம் போதவே இல்லை. பற்றாக்குறை நூறு கோடி டாலருக்கு மேல் என்பது பின்னால் தெரிந்தது.

வழக்கு வந்தபோது, நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இயக்குநர்கள், "அந்த அறிவிப்பின் வரைவை நாங்கள் அந்தக் கூட்டத்தில் ஏற்கவே இல்லை" என்றார்கள். மினிட்ஸ் புத்தகத்திலோ ஏற்றதாக எழுதியிருந்தது. அந்த மினிட்ஸின் வரைவு கூட்டத்துக்கு முன்பே தயாரானது. அதில் வேறு சில தவறுகளும் இருந்தன. ஆனால் அடுத்த கூட்டத்தில் அதைச் சரியென்று ஏற்றுக்கொண்டதும் இதே குழுதான். வழக்கு கீழ்க் கோர்ட்டில் ஒரு மாதிரியும் மேல்முறையீட்டில் வேறு மாதிரியும் போய், கடைசியில் 2012 மே மாதம் உச்ச நீதிமன்றம் மினிட்ஸ் பக்கம் நின்றது. நீங்களே சரியென்று ஒப்புக்கொண்ட பதிவு இது, இத்தனை வருடம் கழித்துத் தப்பென்று சொன்னால் எப்படி என்பதுதான் சாரம்.

அங்கே கூட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்று புரிந்தது. 'போன கூட்டத்து மினிட்ஸ் படிக்கப்பட்டு ஏற்கப்பட்டது' என்று ஒரு வரி வருமே, நாம் கொட்டாவி விடுகிற நேரம், அதுதான் கூட்டத்திலேயே முக்கியமான நிமிஷம். நம் வார்த்தை நம் வார்த்தையாகவே இருக்கிறதா என்று பார்க்க நமக்குத் தரப்படுகிற ஒரே சந்தர்ப்பம் அது. அதைத் தூங்கிக் கழித்தவருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் இரண்டு தப்பும் சமம் இல்லை. அவர்கள் கேட்காமல் விட்டார்கள். நான் சொல்லாமல் மாற்றினேன். 'ஒரு வார்த்தையை மாத்தியிருக்கேன்' என்று அன்றைக்கு நான் ஒரு வரி சொல்லியிருந்தால் கொட்டாவி விட்டவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

நம் நாட்டுக் கம்பெனிச் சட்டம் இந்த விஷயத்தில் கறாராகவே இருக்கிறது. 2013-ஆம் வருடச் சட்டத்தின் 118-ஆவது பிரிவுப்படி, கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் மினிட்ஸ் எழுதப்பட வேண்டும். பக்கங்களுக்கு வரிசையாக எண் போட வேண்டும். தனித்தாளில் எழுதிக்கொண்டு வந்து புத்தகத்தில் ஒட்டக் கூடாது. இயக்குநர் குழுக் கூட்டம் என்றால் 15 நாளுக்குள் வரைவை இயக்குநர்களுக்கு அனுப்பி, ஏழு நாள் கருத்துச் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்பது கம்பெனி செக்ரட்டரிகளுக்கான விதிமுறை. புத்தகத்தில் ஏறியபின் மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் குழு கூடி வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மினிட்ஸைத் திருத்தி மோசடி செய்தது நிரூபணமானால் இரண்டு வருடம் வரை சிறை, அதோடு 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம். எங்கள் மாதிரி அசோசியேஷனுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நியாயம் பொருந்தும்.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டில், ஊர்ச் சபை கூடி வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று முடிவு செய்து கல்லில் வெட்டினார்கள். குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டே வருடத்தில் அந்த விதிகளில் திருத்தம் தேவைப்பட்டது. என்ன செய்தார்கள்? பழைய எழுத்தைச் செதுக்கிவிட்டு மேலே வேறு எழுதவில்லை. 921-இல் மறுபடி சபை கூடி, புதிய விதிகளை விவரமாக எழுதி, இன்னொரு கல்வெட்டாக வெட்டினார்கள். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்றெல்லாம் அதில் வருகிறது. பழையது, புதியது இரண்டும் சுவரில் இருக்கின்றன. ஆயிரத்து நூறு வருடம் கழித்து நீங்களும் நானும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் முடிவு. சபையில் இருந்தவர்கள் சொல்ல, இதை எழுதியவன் நான் என்று ஊர் மத்தியஸ்தர் தன் பெயரையும் சேர்த்துப் பொறித்திருக்கிறார். எழுதியவன் யார் என்று ஊருக்குத் தெரியும். யார் சொல்லி எழுதினான் என்றும் தெரியும்.

அமெரிக்க செனட்டில் ஒரு கதை உண்டு. 1834-இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். பிறகு அவருடைய ஆட்களின் கை ஓங்கியது. 1837 ஜனவரியில் அந்தத் தீர்மானத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடிவு செய்தார்கள். நீக்கியது எப்படி? வாசகத்தைச் சுற்றிக் கறுப்பு மையில் கோடு போட்டு, 'செனட்டின் ஆணைப்படி நீக்கப்பட்டது' என்று தேதியோடு எழுதினார்கள். அழித்ததும் தெரிகிறது, அழிக்கப்பட்டதும் தெரிகிறது. நம்முடைய மக்களவையில்கூட, அவைக்குறிப்பிலிருந்து ஒரு பேச்சு நீக்கப்பட்டால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் போட்டு, சபைத் தலைவர் உத்தரவுப்படி நீக்கப்பட்டது என்று அடியில் எழுத வேண்டும் என்பது விதி. வார்த்தை போனாலும், அங்கே ஒரு வார்த்தை இருந்தது என்ற உண்மை போவதில்லை.

இவர்கள் யாரும் 'எழுதியதை மாற்றவே கூடாது' என்று சொல்லவில்லை. மனுஷன் என்றால் மனசு மாறும். நேற்று எடுத்த முடிவு இன்றைக்குத் தப்பாகப் படும். மாற்றுங்கள், தாராளமாக மாற்றுங்கள். ஆனால் முடிவெடுத்தவர்கள் பார்க்க மாற்றுங்கள். தடயத்தை விட்டுவிட்டு மாற்றுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். ட்ரெஷரருக்கு விருப்பமில்லை என்றாலும் சிறப்புக் கூட்டம் ஒன்றைக் கூட்டினேன். எழுந்து நின்று இரண்டு வாக்கியங்களையும் படித்தேன். "முதல்ல படிச்சது நீங்க கை தூக்கினது. ரெண்டாவது நான் எழுதினது. உங்களைக் கேக்காம மாத்தினது என் தப்பு" என்றேன். தொண்டை அடைத்தது. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் சிரித்தார். ஒருவர், "இதுக்குப் போய் ஒரு மீட்டிங்கா?" என்று அலுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. பெரியவர் ஜெயித்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. 'இயன்ற தொகை' என்று விட்டால் வசூலே ஆகாது என்று பலரும் சொன்னார்கள். பேசிப் பேசி, தரைத்தள வீடுகள் மற்ற வீடுகள் தருவதில் பாதி தரலாம் என்று ஒரு புதுத் தீர்மானம் வந்தது. கணக்குப் போட்டால் மாடி வீடுகளுக்கு 57,000 சொச்சம், தரைத்தளத்துக்கு 28,500 சொச்சம். பெரியவர் எதிர்த்துக் கை தூக்கினார். அவரோடு இன்னும் மூன்று கை. தீர்மானம் நிறைவேறியது. அவர் தோற்றுவிட்டார்.

அடுத்த வாரமே செக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. "என்னாலதான் சார் உங்களுக்கு இவ்வளவும்..." என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்றார். "இது நான் பேசித் தோத்தது, கட்டிடலாம். அது எனக்குத் தெரியாமலே தோத்தது. அதைத்தான் தாங்க முடியல."

28,500 ரூபாய் அவருக்குச் சின்னத் தொகை இல்லை. அவருடைய பென்ஷன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் செக்கை அவர் நிமிர்ந்து நின்று கொடுத்தார். தோற்றவரும் ஏற்றுக்கொள்கிற முடிவுதானே முடிவு! ஒரு வார்த்தையை மாற்றியபோது நான் அவரிடமிருந்து எடுத்தது பணத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேச்சுக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த இடத்தை எடுத்திருக்கிறேன்.

புதிய லிஃப்ட் வந்துவிட்டது. நடுவில் நின்று யோசிப்பதில்லை. மினிட்ஸ் புத்தகத்தின் அந்தப் பக்கமும் அப்படியே இருக்கிறது. 'உரிய' என்ற வார்த்தையின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதி, என் கையெழுத்து. கோட்டுக்கு அடியில் வார்த்தை தெளிவாகத் தெரிகிறது. "அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடலாமே சார், அசிங்கமா இருக்கு" என்றார் ஒருவர். இருக்கட்டும் என்றேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கை தூக்கியதும் சமோசா பக்கம் போய்விடாதீர்கள். எழுதுகிறவர் பக்கத்தில் ஒரு நிமிஷம் போய் நில்லுங்கள். "என்ன எழுதியிருக்கீங்க, ஒரு தடவை படிங்க சார்" என்று கேளுங்கள். அவர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, கேளுங்கள்.

எழுதுகிற இடத்தில் நீங்களே உட்கார்ந்திருந்தால், வார்த்தை சரியில்லை என்று பேனா துடித்தால், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். சமோசா ஆறினால் ஆறட்டும்.